ஹேண்ட் ரப் (கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவம்) போட்டாலே கை எரிகிறது, வார்டில் என்ன க்ரீம் போடுகிறீர்கள்?

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். கோபி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ் நான். மார்கழியிலிருந்து எங்கள் வார்டு நர்ஸ் பிள்ளைகளுக்கு விரல் இடுக்கெல்லாம் வறண்டு வெடித்து, ஹேண்ட் ரப் பட்டாலே எரிவதால் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அப்படியே அடுத்தவரிடம் போகிறார்கள், ஆபரேஷன் புண்ணோடு படுத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரப் உலக சுகாதார நிறுவன முறைப்படி கலந்தது: எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45 சதவீதம். சோப்பை மாற்றினோம், சுடுதண்ணீரை விட்டோம், சோப்பு போட்டுக் கழுவிய கையோடு உடனே ரப் போடுவதையும் நிறுத்தியாயிற்று. தேங்காய் எண்ணெய் லேட்டக்ஸ் கையுறையைக் கெடுக்கும், அதனால் டியூட்டியில் வேண்டாம் என்றேன். கையுறையைக் கழற்றினாலும் கை சுத்தம் செய்தே ஆக வேண்டுமே!

கையுறைக்கும் ரப்புக்கும் கேடில்லாமல், உங்கள் வார்டில் போட்டுப் பலன் கண்ட க்ரீம் எது?