இவாகுமி தொட்டி (கல்லை முக்கியமாக வைத்து, தரையில் செடி பரப்பும் ஜப்பானிய பாணி மீன் தொட்டி) வைத்தவர்கள்: இன்னும் மனதைக் குடையும் ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நீர்க்கல்

இரண்டடித் தொட்டி, கல் செய்ரியூ என்ற வகை, கொளத்தூரில் வாங்கியது. சாயில் (செடி நடும் மண்), செடிக்கு விடும் சிஓ2, லைட் எல்லாம் எல்லோரும் வைப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, இது தண்ணியோட கடினத்தன்மைய ஏத்துமா?" அவர் பதில் சொல்லாமல் கல்லை டிரம்மில் முக்கி எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தபோது வெறும் சாம்பல் நிறம். நனைந்ததும் கருநீலம் ஏறி, நடுவில் வெள்ளை நரம்பு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. அப்புறம் என்ன கேட்பது? "ஒண்ணும் ஆவாது தம்பி, எல்லாரும் இதத்தான் வைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே நனைந்த கல்லையே தராசில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும் என்று வினிகர் விட்டேன், கம்மென்று கிடந்தது. ஆர்ஓவும் மெட்ரோ தண்ணீரும் கலந்து டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 120-இல் நிரப்பினேன். வாரக் கடைசியில் மீட்டர் 210 காட்டியது. தண்ணீர் மாற்றினால் இறங்கும், அடுத்த வாரம் மறுபடி ஏறும்.

ஒரு ராத்திரி, தொட்டியில் வைக்காமல் மிச்சம் இருந்த துண்டை எடுத்து, பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டு அந்த வெள்ளை நரம்பில் விட்டேன். சுர்ரென்று சத்தம், கடலை அளவுக்கு நுரை. நான் மயங்கி வாங்கியது அந்த நரம்புக்காகத்தான். கரைந்து தண்ணீரில் சேர்வதும் அதுவேதான். இப்போது லைட் போடும்போதெல்லாம் நரம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் கண் போகிறது. கல்லை மாற்ற மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

மாமல்லை மீன்

எங்கள் ஊரில் கல் வாங்கிப் பழக்கமில்லை, பொறுக்கித்தான் பழக்கம். தெரிந்தவர் ஒருவர் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். பின்பக்கம் கருங்கல் கழிவு மலையாகக் கிடக்கும். ஓயாஇஷிக்கு, அதாவது தொட்டியின் தலைமைக் கல்லுக்கு, ஒன்று தேடிக் குனிந்திருந்தேன். அவர் வந்து, நான் எடுத்து வைத்திருந்ததை உளியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது ஊமை. வேற எடு."

கணீரென்று ஒலித்தால் ஆண் கல், அதைவிட மெலிந்து ஒலித்தால் பெண் கல், ஓசையே எழாததைச் சாமி சிலைக்கு எடுக்க மாட்டார்கள் என்றார். "அண்ணே, நான் மீன் தொட்டிக்குத்தான் எடுக்கிறேன்" என்றேன். "அதனால என்ன, ஊமைக் கல்லுல உள்ள விரிசல் இருக்கும்" என்று வேறு மூன்றைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

அந்த முதல் கல்லையும் பையில் போட்டு வந்திருந்தேன், உருவம் அவ்வளவு நன்றாக இருந்தது. வாளியில் ஊறவைத்து எடுக்கும்போது கையிலேயே இரண்டாகப் பிளந்தது. தொட்டிக்குள் வைத்த பிறகு பிளந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் வருகிறது.

நீர்க்கல், கருங்கல் ஜிஎச்சையும் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) ஏற்றாது, கேஎச்சையும் (கார்பனேட் கடினத்தன்மை) ஏற்றாது. புதிதாக உடைந்த பக்கம் மட்டும் கொஞ்ச நாள் கட்டட வேலைக்கு இறக்கிய ஜல்லி மாதிரி தெரியும். பழுப்புப் பாசி படர்ந்து போனதும் சரியாகிவிடும்.

புல்தரை

நான் கல்லைப் பற்றிப் பேச வரவில்லை, கார்ப்பெட்டைப் பற்றி. ஹெச்சி கியூபா, தரையில் பாய்போலப் படரும் குட்டி இலைச் செடி. லைட் எரிய ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் இலைக்கு இலை ஆக்சிஜன் முத்து தொங்கும், வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் போன் எடுப்பார்கள். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன், இடது மூலை மெல்லத் தூக்குகிறது. ஏதோ மீன் தோண்டுகிறது என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் பாதித் தரை பாயைச் சுருட்டியதுபோல எழுந்து, ஓயாஇஷியின் மேல் போய் மடிந்து விழுந்தது. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு, வேர் என்று ஒன்றுமே இல்லை. அதன்மேல் ஒரு அமானோ இறால் ஏறி உட்கார்ந்து, எதுவும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சோற்றில் பாதி அப்படியே இருந்தது.

அடர்த்தியானால் கீழ் அடுக்குக்கு வெளிச்சம் போகாது, அழுகும். மேல் அடுக்கு விடும் ஆக்சிஜன் அடியில் மாட்டிக்கொண்டு மொத்தத்தையும் மிதக்க வைக்கும். கத்தரி மட்டும்தான் மருந்து.

நீர்க்கல், உங்கள் டிடிஎஸ் கணக்கில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புது சாயில் தானே நிறைய உப்பை விடும், அம்மோனியா உட்பட. கேஎச் டெஸ்ட் பார்த்தீர்களா? டிடிஎஸ் மீட்டர் எது ஏறியது என்று சொல்லாது, ஏறியது என்று மட்டும்தான் சொல்லும். கல் பாவம்.

அளவுகோல்

புல்தரை சொல்வது பாதி சரி, பாதி தப்பு. சாயில் விடுவது முதல் சில வாரங்களுக்குத்தான். நல்ல சாயில் கேஎச்சை உறிஞ்சிக் குறைக்கும், ஏற்றாது. மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தால் அது கல்தான்.

என் அனுபவம் சின்னது. தொட்டியில் சாய்த்து நிறுத்திய கல் ராத்திரியில் சாயிலுக்குள் இறங்கி முன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ரம்மிநோஸ் மீன், உயிரோடு, வெளியே வர முடியாமல். அவ்வளவுதான்.

சரி, இதையும் படியுங்கள். வினிகர் சோதனையை நம்பாதீர்கள். சிஓ2 தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம், அது சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைக்கும். மலைக்குள் சுண்ணாம்புக் குகை உண்டாவதும் இதே வேலையால்தான். வினிகருக்கு ஐந்து நிமிடம் வாய் திறக்காத கல்கூட, தினமும் எட்டு மணி நேரம் சிஓ2 ஓடும் தொட்டியில் மெல்லக் கரையும். ஆசிட்டை வீட்டுக்குள் வைத்துச் சொட்டு விடுவதும் வேண்டாம், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் குளோரின் வாயு வரும். மொட்டை மாடிக்குப் போங்கள்.

சிஓ2 அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கரில் தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேஎச் 4 கரைசல்தான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம் சிஓ2 என்று அர்த்தம். நிறம் மாற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும், அதற்குள் வால்வைத் திருகாதீர்கள். கல்லை வெறும் கண்ணாடியில் வைக்க வேண்டாம், கட்டம் கட்டமாக இருக்கும் பிளாஸ்டிக் லைட் கிரில்லை வெட்டி அடியில் போட்டு, அதன்மேல் கல், அப்புறம் சாயில். மே மாதம் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். குறைந்த அளவை ஆர்ஓவால் நிரப்புங்கள், குழாய்த் தண்ணீரால் அல்ல. நீர்க்கல்லின் 210-இல் இதுவும் கொஞ்சம் இருக்கும் என்பது என் சந்தேகம். லைட் முதல் மாதம் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால் செய்ரியூவோடு தாராளமாகக் குடும்பம் நடத்தலாம். இந்தத் தொட்டிப் பாணியின் முன்னோடி தகாஷி அமானோவே அந்தக் கல்லில் எத்தனை தொட்டி செய்திருக்கிறார்!

புல்தரை

உயிரோடு மாட்டிய ரம்மிநோஸ் என்ன ஆனது என்று சொல்லவே இல்லையே?

அளவுகோல்

வெளியே எடுத்தேன். நன்றாக இருக்கிறது.

திருச்சிக்காரி

டிரை ஸ்டார்ட், அதாவது தண்ணீர் நிரப்பாமலே முதலில் செடியைப் பிடிக்க வைப்பது, செய்தவள் நான். மான்டி கார்லோ என்ற படரும் செடியை நட்டு, ஸ்ப்ரே அடித்து, மேலே கிளிங் ராப் போட்டு மூடி வைத்திருந்தேன். கார்ப்பெட் நன்றாகப் பிடித்த பிறகு தண்ணீர் விடும் நாள் வந்தது. தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் விழும்படி மெல்லிய ட்யூபில் விட்டேன்.

ஒரு விரல்கடை ஏறியிருக்கும், ஓயாஇஷியின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பியது. எறும்பு. ஈரமும் இருட்டும் கிடைத்ததில் கல்லுக்கு அடியிலேயே குடியேறியிருக்கின்றன, எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொன்றும் வாயில் ஒரு வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு கல்லின்மேல் ஏறுகின்றன. தண்ணீர் ஏற ஏற அவையும் மேலே. சின்னக் கற்களில் ஏறியவை முதலில் மூழ்கின, ஓயாஇஷி ஒன்றுதான் உயரம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எறும்பு முட்டையோட மேடேறுது, மழை வரப்போகுது பாரு" என்று சொல்லிவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார். நான் ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

குழாயை மூடினேன். மூங்கில் குச்சி ஒன்றைக் கல்லின் உச்சியிலிருந்து தொட்டி விளிம்புக்குப் பாலமாக வைத்தேன். முதலில் ஒன்று வந்தது, குச்சியில் கொஞ்ச தூரம் போய், திரும்பிப் போனது. அப்புறம் வரிசை. ராத்திரி சாப்பாடு வரைக்கும் போனது. ஜன்னல் வழியாக எங்கே போயின என்று பார்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் மீதித் தண்ணீர் விட்டேன்.

டிரை ஸ்டார்ட்டில் பூஞ்சை வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், இதை யாரும் சொல்லவில்லை. மழை வரவில்லை.

வேளச்சேரி 2 அடி

மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். கரண்ட் போனதும் சிஓ2 வால்வான சாலினாய்டு தானாக மூடிக்கொண்டது, சிஓ2 பிரச்சினை இல்லை. ஃபில்டர் நின்றதுதான் பிரச்சினை. பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே செடி இருட்டில் ஆக்சிஜன் எடுக்கும் என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் கண்ணில் தெரிந்தது. கார்ப்பெட் அடர்த்தியாக, பச்சையாக, அவ்வளவு அழகாக இருந்தது. கார்டினல் டெட்ரா அத்தனையும் மேலே வந்து வாயைத் தண்ணீர்ப் பரப்பில் வைத்துக்கொண்டிருந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீலக் கோடு மட்டும்தான் தெரிந்தது.

கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், அவர்கள் சாமான் எல்லாம் எங்கள் கூடத்தில். அந்த நெரிசலுக்கு நடுவில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி தொட்டிக்குள் ஊற்றினார். மொண்டு ஊற்றுவது, மொண்டு ஊற்றுவது. இந்தத் தொட்டியை வாங்கிய நாளிலிருந்து "கல்லுக்குப் போய் இவ்ளோ காசா" என்று திட்டியவர் அவர்தான். கீழ்வீட்டுப் பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ தூங்குப்பா, நான் ஊத்தறேன்" என்று சொம்பை வாங்கிக்கொண்டார். அந்தத் தண்ணீரால் வீட்டை விட்டு வந்தவர். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பேட்டரி ஏர் பம்ப் வாங்கு என்று யாரும் எழுத வேண்டாம். வாங்கிவிட்டேன்.

அளவுகோல்

சொன்னதற்கு நன்றி. இருந்தாலும் பேட்டரியை மாதம் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், லித்தியம் என்றால் முழு சார்ஜில் வைத்தே விடக் கூடாது.

நீர்க்கல்

புல்தரை கேட்டதற்காகக் கேஎச் பார்த்தேன். நிரப்பும் தண்ணீரில் 2, தொட்டிக்குள் 6. கல்தான். அளவுகோல் சொன்ன ஆவிக் கணக்கும் சரி, ஆனால் ஆவி மட்டும் கேஎச்சை மூன்று மடங்கு ஆக்காது, தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு வற்றினால்தான் அப்படி ஆகும். கல்லை மாற்றப் போவதில்லை. தண்ணீரை மாற்றிக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தான்

எல்லாரும் கேஎச் 6 என்று அழுகிறீர்கள், எங்கள் ஊரில் அடி நிலமே சுண்ணாம்புப் பாறை. கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் உள்ளே வெள்ளை ஓடு பிடிக்கும், மாதாமாதம் எலுமிச்சம்புளி விட்டுக் கழுவ வேண்டும். இதில் ஹெச்சி கியூபா வளர்க்க நான் முயலவே இல்லை. கிரிப்டோகரைன் வென்ட்டி வைத்தேன், இலங்கையின் சொந்தச் செடி, சுண்ணாம்பைக் கண்டு பயப்படாது. மீன் மொலி. ஜப்பான்காரன் பார்த்தால் இவாகுமி என்று ஒத்துக்கொள்ள மாட்டான், பரவாயில்லை.

கல்லை மட்டும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், டிராகன் ஸ்டோன். பக்கத்து வளவு ஐயா, கிணறு வெட்டியே வாழ்ந்த மனுசன், தொட்டியைப் பார்த்துவிட்டு விலை கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தம்பி, கல்லைக் காசு குடுத்தே வாங்கினனீ? வளவு முழுக்கக் கல்லுத்தானே கிடக்குது" என்றார்.

மறுநாள் விடிய சைக்கிள் கரியரில் உரப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கிணறு வெட்டும்போது வந்த கற்கள், துளை துளையாக, ஒன்றில் பழைய சிப்பியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. விரலை வைத்தால் வரி வரியாகத் தட்டுப்படும். எந்தக் கடையிலும் நான் அப்படி ஒரு கல் பார்த்ததில்லை. டிராகன் ஸ்டோனை அன்றைக்கே வெளியில் எடுத்தேன்.

சிக்கல் என்னவென்றால், அவர் கொண்டு வந்தது நாலு கல். இவாகுமியில் கல்லை ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று விளக்கிப் பார்த்தேன். "நாலையும் வை" என்றார். இரட்டைப்படை என்று இங்கே யாரும் எழுத வேண்டாம், அவர் கிழமைக்கு ஒருக்கால் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்.