மிடில் கிரேடு வாசிப்புச் சவால்: 12 வாரத்துக்கு எத்தனை புத்தகம் வைக்கலாம்?

இலைக்குறி கேட்டது:

வணக்கம். 9 முதல் 12 வயதுவரை உள்ள 14 பிள்ளைகளுக்கு 12 வார வாசிப்புச் சவால் தொடங்கப் போகிறோம். மிடில் கிரேடு கதைகள், அதாவது 8 முதல் 12 வயது வாசகருக்கான கதைகள் மட்டும். பெற்றோரில் ஆறு பேரும் கூடவே படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைய திட்டம்: வாரத்துக்கு ஒன்று என்று 12 புத்தகம், 16 கட்டம் போட்ட ஓர் அட்டை (கட்டத்தில் எழுதியதற்குப் பொருந்தும் புத்தகம் படித்தால் அந்தக் கட்டம் நிரம்பும்), ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், அதிகம் படித்தவருக்குப் பரிசு.

எண்ணிக்கை சரியா? கட்டங்களில் என்ன எழுதலாம்? பிள்ளைகள் ஒருவருக்கொருவர் புத்தகம் பரிந்துரைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பெரிய ஆசை. அதைச் சவாலுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

---

பக்கக்கணக்கு பதில்:

12 புத்தகம் நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மிடில் கிரேடு நாவல் பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொல் வரை போகும். நடுவாக 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 120 சொல் படித்தால் ஒரு நாவலுக்கு 333 நிமிடம் ஆகும். தினம் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் 12 வாரத்தில் கையில் இருப்பது 1,200 நிமிடம்தான். அதில் மூன்று நாவல் முடியும், நான்காவது பாதியைத் தாண்டியிருக்கும். நிமிடத்துக்கு 180 சொல் படிக்கும் பிள்ளைக்கே ஐந்துக்குச் சற்று மேல்தான் வரும். 12 நாவல் வேண்டுமென்றால் முதல் பிள்ளை 84 நாளும், ஒரு நாள்கூட விடாமல், தினம் 48 நிமிடம் உட்கார வேண்டும்.

நடக்காத எண்ணிக்கையை வைத்தால் பிள்ளைகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒல்லிப் புத்தகமாகத் தேடி எடுப்பார்கள். புத்தகத்துக்குப் பதில் பக்கத்தை எண்ணினால் வர்ணனை வரும் இடத்தையெல்லாம் தாண்டிப் புரட்டுவார்கள். இதில் பிள்ளைகள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதை எண்ணுகிறோமோ அதுதான் கூடும்.

வேகத்தை அளப்பது சுலபம். பிள்ளை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் தொடங்கும் வரியில் பென்சில் புள்ளி வையுங்கள். ஐந்து நிமிடம் மனசுக்குள் படிக்கட்டும். நின்ற வரியில் இன்னொரு புள்ளி. நடுவில் உள்ள வரிகளை எண்ணி, ஒரு வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று பார்த்துப் பெருக்கி, ஐந்தால் வகுத்துவிடுங்கள். இது சோதனை என்று சொல்லாதீர்கள். சொன்னால் வேகமாக ஓட்டிவிட்டு, வரும் எண் பொய்யாகிவிடும். படித்து முடித்ததும் "இப்போது கதையில் என்ன நடக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் மொழிபெயர்ப்புக்கு அந்த 40,000 பொருந்தாது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வருவதால், அதே கதை குறைந்த சொல்லில் முடியும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம், வேகமும் குறையும். அதனால் தமிழ்ப் புத்தகத்துக்கு அந்தப் புத்தகத்திலேயே அளந்து கணக்குப் போடுங்கள்.

அதிகம் படித்தவருக்குப் பரிசு என்பதை எடுத்துவிடுங்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் செய்த சோதனை இதற்கு நல்ல பாடம். வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஏற்கெனவே ஆசையாகப் படிக்கிற பிள்ளையிடம் பந்தயம் வைத்தால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

---

சன்னலோரம் பதில்:

மேலே வந்த கணக்கு உங்கள் 16 கட்ட அட்டைக்கு அழகாகப் பொருந்துகிறது. 4×4 அட்டையில் ஒரு வரிசைக்கு நான்கு கட்டம், 12 வாரத்தில் முடிவதும் ஏறக்குறைய நான்கு புத்தகம். ஆகவே 16-ஐயும் நிரப்பச் சொல்லாதீர்கள். படுக்கையாகவோ செங்குத்தாகவோ ஒரு வரிசை முடித்தால் சவால் முடிந்தது.

ஆனால் நான்கும் தடித்த நாவலாக அமைந்தால் நடுத்தர வேகத்தில் படிப்பவர் மூன்றரையில் நின்றுவிடுவார். எல்லா வரிசையிலும் ஒரு இலகுவான கட்டம் கட்டாயம் வேண்டும். வைக்கும் இடம்: முதல் வரிசையில் இரண்டாவது, இரண்டாம் வரிசையில் நான்காவது, மூன்றாம் வரிசையில் முதலாவது, நான்காம் வரிசையில் மூன்றாவது. இப்படி வைத்தால் படுக்கையாக எடுத்தாலும் செங்குத்தாக எடுத்தாலும் சரியாக ஒன்று மாட்டும். மூலைவிட்டங்கள் இரண்டிலும் ஒன்றும் வராது. அவற்றை வேகமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். இலகுவான நான்கு கட்டங்கள்: கிராஃபிக் நாவல் (படக்கதை வடிவில் வரும் நாவல்), கவிதை வடிவில் எழுதிய நாவல், சிறுகதைத் தொகுப்பு, 150 பக்கத்துக்குள் உள்ள கதை.

கிராஃபிக் நாவலை அரைப் புத்தகமாக எண்ண வேண்டாம். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020-ல் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. 1922 முதல் கொடுக்கப்பட்டு வரும் அந்தப் பதக்கத்தை ஒரு கிராஃபிக் நாவல் பெற்றது அதுவே முதல் முறை. படமும் வசனமும் ஒன்றையொன்று மறுக்கும் இடங்களைப் பிடிப்பதற்குத் தனி வாசிப்புத் திறன் வேண்டும்.

மற்ற 12 கட்டங்களில்தான் அட்டையின் உயிர் இருக்கிறது. "நீல நிற மேலட்டை உள்ள புத்தகம்", "தலைப்பில் எண் உள்ள புத்தகம்" போன்றவற்றைத் தவிருங்கள். புத்தகத்தைத் திறக்காமலே அவற்றை நிரப்பிவிடலாம். உள்ளே போய்ப் பார்த்தால்தான் பொருந்துகிறதா என்று தெரியும்படி கட்டம் அமைய வேண்டும். சில மாதிரிகள்: பெரியவர் ஒருவர் தவறு செய்து, அதை ஒப்புக்கொள்ளும் கதை. கதை சொல்பவரை முழுசாக நம்ப முடியாத கதை. இரண்டு நண்பர்கள் பிரிந்து, முன்பு போல ஒட்டாமலே சமாதானமாகும் கதை. ஒரே கட்டடத்துக்குள் நடந்து முடியும் கதை. வில்லன் சொல்வதிலும் நியாயம் இருக்கும் கதை. இப்படி ஒரு கட்டம் கையில் இருந்தால் பிள்ளை படிக்கும்போதே "இது அதில் சேருமா?" என்று யோசிக்கும். அந்த யோசனைக்காகவே அட்டை.

சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் சிறுவர் புத்தகங்களைக் கண்ணாடி, சன்னல், நகரும் கதவு என்று பிரித்துச் சொன்னார். தன்னைப் பார்ப்பது, பிறரைப் பார்ப்பது, உள்ளே நுழைந்துவிடுவது. 12 கட்டத்தில் குறைந்தது நான்கு கண்ணாடி, நான்கு சன்னல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெரியவர்கள் தயாரிக்கும் அட்டையில் சன்னல் கூடி, கண்ணாடி குறைவது வழக்கம்.

"விருது பெற்ற புத்தகம்" என்ற கட்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். விருதைத் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளிடம் பிரபலமாக இருக்கிறதா என்பது நியூபெரியின் அளவுகோல் அல்ல.

இன்னொன்று, வயது எல்லை. மிடில் கிரேடு என்றால் 8 முதல் 12 வயது வாசகர். நாயகனோ நாயகியோ பெரும்பாலும் வாசகரைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருப்பார். 9 வயதுப் பிள்ளை 12 வயது நாயகியின் கதையை ஆசையாக எடுக்கும். 12 வயதுப் பிள்ளை 9 வயது நாயகனின் கதையைத் தொடக்கூட மாட்டான். அடுக்கி வைக்கும்போது புத்தகத்தின் பக்க அளவைவிட இதைக் கவனியுங்கள். வேகமாகப் படிக்கிறாள் என்பதற்காக 9 வயதுப் பிள்ளையை இளையோர் நாவலுக்குத் தள்ளாதீர்கள். சொற்கள் புரியும், கதையின் கவலைகள் அவளுடையவையாக இருக்காது.

---

இலைக்குறி:

மிக்க நன்றி. ஒரு வரிசை போதும் என்பது பெரிய நிம்மதி. பரிந்துரை பற்றி யாராவது சொல்லுங்கள். எழுதச் சொன்னால் "மிகவும் நன்றாக இருந்தது, அனைவரும் படிக்கவும்" என்று ஒரே அச்சில்தான் வரும் போலிருக்கிறது.

---

பின்னட்டை பதில்:

ஒரு பக்கக் கதைச்சுருக்கம் கேட்டால் அப்படித்தான் வரும். ஏற்கெனவே படித்துவிட்ட ஆசிரியருக்காக எழுதுவது சுருக்கம். இன்னும் படிக்காத நண்பனுக்காக எழுதுவது பரிந்துரை. இரண்டும் வேறு வேலை. சுருக்கத்தை நிறுத்திவிட்டு, உள்ளங்கை அளவு அட்டை ஒன்று கொடுங்கள். அதில் நான்கு வரிதான்.

முதல் வரி: யார், என்ன சிக்கலில்? இரண்டாம் வரி: உன்னை அடுத்த பக்கத்துக்கு இழுத்த கேள்வி எது? மூன்றாம் வரி: யாருக்குப் பிடிக்கும்? நான்காம் வரி: எந்த இடத்தில் பொறுமை வேண்டும்?

லூயிஸ் சச்சார் 1998-ல் எழுதிய 'ஹோல்ஸ்' நாவலுக்கு மோசமான அட்டை இப்படி இருக்கும்: "ஸ்டான்லி என்ற சிறுவனின் கதை. சுவாரசியமானது. நட்பின் அருமையைச் சொல்கிறது."

நல்ல அட்டை இப்படி: "தான் திருடாத காலணிக்காக ஸ்டான்லியை ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே தினமும் ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். குழி வெட்டினால் குணம் திருந்தும் என்கிறார்கள், ஆனால் வார்டன் எதையோ தேடுவது போல இருக்கிறது, எதை? துண்டு துண்டாகக் கிடைப்பதைச் சேர்த்துப் பார்க்கப் பிடித்தவர்கள் எடுக்கலாம். நடுநடுவே பழைய காலத்துக் கதைகள் வரும், அவை எதற்கு என்று உடனே தெரியாது."

முதல் அட்டையை எந்தப் புத்தகத்தின் மேல் ஒட்டினாலும் பொருந்தும். இரண்டாவது இதற்கு மட்டுமே பொருந்தும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இந்த ஒரு சோதனை போதும்: பெயரை மறைத்துவிட்டால் இது எந்தப் புத்தகம் என்று தெரிய வேண்டும்.

நான்காம் வரியை விட்டுவிடாதீர்கள். குறையையும் சொல்லும் நண்பனைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். "முதல் 30 பக்கம் மெதுவாகப் போகும்" என்று முன்பே தெரிந்தால் 20-ஆம் பக்கத்தில் மூடி வைக்க மாட்டார்கள்.

கதையைப் போட்டு உடைக்காமல் இருக்க ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: அட்டையில் வரும் எதுவும் புத்தகத்தின் முதல் கால்பகுதியைத் தாண்டக்கூடாது. 200 பக்கம் என்றால் 50-ஆம் பக்கம் வரைதான்.

துயரமான கதைகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. கேத்தரின் பேட்டர்சன் 1977-ல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபித்தியா'வில் ஒரு மரணம் வருகிறது, எச்சரிக்கை இல்லாமல் வருகிறது. கதையின் பலமே அந்தத் திடுக்கிடல்தான் என்பதால் அதை அட்டையில் எழுதக் கூடாது. அண்மையில் ஓர் இழப்பைச் சந்தித்த பிள்ளையின் கையில் யாரும் சொல்லாமல் அது போய்ச் சேரவும் கூடாது. பெரியவர்களுக்கு மட்டும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்: புத்தகத்தின் பெயர், உள்ளே மரணம், நோய், பெற்றோர் பிரிவு, கொடுமைப்படுத்தல் இவற்றில் எது இருக்கிறது, எந்த அத்தியாயத்தில். உங்களோடு படிக்கும் ஆறு பெற்றோருக்கு இதுவே நல்ல வேலை.

---

நடுப்பக்கம் பதில்:

பக்கக்கணக்கு சொன்னதில் ஒரு திருத்தம். நிமிடக் கணக்கு உங்கள் திட்டத்துக்குத்தான். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தினம் 20 நிமிடம் படித்தேன் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கும் தாளாக மாற்றிவிடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், கட்டாயப் பதிவேடு எழுதியவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் குறைந்தது. விருப்பப்பட்டு எழுதியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. 20 நிமிட மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே புத்தகத்தை மூடுகிற பிள்ளை கதையை விட்டுக் கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எண்ண வேண்டியது ஒன்றுதான்: கைமாறிய புத்தகம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு நீளத்தாளைச் செருகி வையுங்கள். படித்தவர் தன் பெயரையும், யார் சொல்லி எடுத்தார் என்பதையும் எழுதட்டும். நான்கைந்து பெயர் சேர்ந்த தாளைப் பார்த்தாலே அடுத்த பிள்ளையின் கை போகும். பரிசாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முன்கூட்டி அறிவிக்காமல், அதிகப் பெயர் சேர்ந்த தாள் உள்ள புத்தகத்துக்கு முதல் பரிந்துரை அட்டை எழுதிய பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

பாதியில் விடுவதற்கும் விதி வேண்டும், இல்லையென்றால் பிடிக்காத ஒரே புத்தகத்தில் மூன்று வாரம் போய்விடும். 30 பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், காரணம் ஒரு வரி சொன்னால் போதும். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-ல் எழுதிய வாசகரின் பத்து உரிமைகளில் மூன்றாவதே முடிக்காமல் விடும் உரிமைதான். விட்ட புத்தகங்களைத் தனித் தட்டில் வையுங்கள். ஒருவர் விட்டதற்கான காரணமே இன்னொருவர் எடுப்பதற்கான காரணமாகிவிடும். "மிருகம்தான் பேசிக்கொண்டே இருக்கிறது" என்று ஒரு பிள்ளை விட்டதை அதற்காகவே இன்னொரு பிள்ளை தூக்கிக்கொண்டு போகும்.

தொடர் நாவல்: ஒரு தொடரிலிருந்து ஒரு புத்தகம்தான் கட்டத்தை நிரப்பும். மிச்சத்தைத் தாராளமாகப் படிக்கட்டும், கட்டத்துக்கு மட்டும் சேராது. தொடரைத் தடுத்தால் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நீங்களே நிறுத்தியதாகிவிடும்.

கடைசியாகப் புத்தக இருப்பு. 14 பிள்ளை, ஆறு பெரியவர் என்றால் எப்போதும் 20 புத்தகம் வெளியே இருக்கும். தட்டில் தேர்ந்தெடுக்க அதே அளவு வேண்டும். ஆகவே 40 தலைப்புக்குக் குறையாமல் வையுங்கள். பரிந்துரை சூடுபிடித்ததும் ஐந்தாறு தலைப்புக்கு மட்டும் வரிசை நிற்கும். எவை என்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டாம் பிரதிகளை நான்காம் வாரம் வரை வாங்காமல் பொறுத்திருங்கள். ஒருவர் ஒரு புத்தகத்தை மூன்று வாரம் வைத்திருக்கலாம். காத்திருப்பவர் இருந்தால், பாதி தாண்டாதவர் கொடுத்துவிட்டு வரிசையில் மறுபடி நிற்கலாம்.