சுவரில் கிறுக்கியவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

வைகைக்கரை:

நாயக்கர் மஹால் தூண்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கை எட்டும் உயரம் வரை பேர், அம்பு பாய்ந்த இதயம், ஊர், வருடம். அதற்கு மேலே தூண் சுத்தமாக இருக்கும். போன மாதம் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெள்ளை வேட்டியில் ஒருவர், அறுபத்தைந்து வயது இருக்கும், தூண் தூணாகப் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அவர் மனைவி, கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக.

திடீரென்று "கிடைச்சிருச்சு!" என்றார். போய்ப் பார்த்தால் அவருடைய பேர்தான். கீழே 1979. காலேஜ் டூர் வந்தபோது ஆணியால் கீறியதாம். அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாருங்க தம்பி, என் பேர் மேலேயே எவனோ ஹார்ட்டைக் கிறுக்கி வச்சிருக்கான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு மரியாதை இருக்கா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மனம் வருந்திச் சொன்னார். அவர் மனைவியும் தலையை ஆட்டினார். நான் "ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது கூட வந்த பெண் கேட்டாள்: "மாமா, கீழடிப் பானை ஓட்டுல ஆதன்னு கீறினவனை மியூசியத்துல வச்சிருக்கோம். இந்தத் தாத்தாவை மட்டும் ஏன் திட்டணும்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்படி யாரையாவது நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். கலையா நாசவேலையா என்ற பட்டிமன்றம் மட்டும் வேண்டாம். எப்படியும் நடத்துவீர்கள், தெரியும்.

தீவுவாசி:

நான் பார்த்தது ஆளை இல்லை, ரயிலை. சிங்கப்பூர், 2010 மே மாதம். எம்ஆர்டி நிலையத்தில் வந்து நின்ற ரயிலின் பக்கவாட்டில் இவ்வளவு பெரிய கலர் எழுத்து. உப்பிப் புடைத்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்ற எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்க முடியவில்லை. ஏதோ புது விளம்பரம் என்று நினைத்தேன். ரயில் முழுக்க விளம்பரம் ஒட்டி ஓட்டுவது இங்கே சாதாரணம். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. சாம்பல் நிற வாழ்க்கையில் ஒரு கலர்.

அப்புறம்தான் செய்தி வந்தது. சாங்கி பணிமனை வேலியை வெட்டி உள்ளே போய் அடித்திருக்கிறார்கள். பிடிபட்டவர் சுவிட்சர்லாந்துக்காரர். ஐந்து மாதச் சிறை, மூன்று பிரம்படி. மேல்முறையீட்டுக்குப் போனார், சிறை ஏழு மாதமாக ஏறியது! 1994இல் கார்களில் பெயிண்ட் அடித்த மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையனுக்கு நான்கு பிரம்படி விழுந்ததும் இதே சட்டத்தில்தான். அது 1966இல் வந்தது, அப்போது சுவர்களில் எழுதிய அரசியல் கோஷங்களை அடக்கத்தான் கொண்டுவந்தார்கள்.

எனக்கு உறுத்துவது தண்டனை இல்லை. யாரோ காசு கட்டி ஒட்டியது என்று நினைத்தவரை அது எனக்கு அழகு. வேலி வெட்டி வரைந்தது என்று தெரிந்ததும் அசிங்கம். பெயிண்ட் மாறவில்லையே?

பினாங்கு ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஓவியம் முன்னால் நானும் வரிசையில் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற ஓவியர் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அதே மனிதர் அடுத்த வருடம் ஜோகூர் பாருவில் லெகோ பொம்மை மாதிரி ஒரு பெண்ணையும், தெருமுனையில் கத்தியோடு காத்திருக்கும் திருடனையும் வரைந்தார். சில நாளிலேயே வெள்ளை அடித்துவிட்டார்கள். ஊரைப் புகழ்ந்து வரைந்தால் சுற்றுலா, ஊரில் திருட்டு இருக்கிறது என்று வரைந்தால் கிறுக்கல் போல.

காரைப்பூச்சு:

மேலே இருக்கும் இரண்டு பதிவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆதன் தன் பானையில் தன் பேரைக் கீறினான். ஊரார் பானையில் இல்லை. உங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டிக்கொள்வது மாதிரி. 1979 தாத்தா கீறியது அவர் குடத்திலா? அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

என் அனுபவம் சின்னது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில், சமணப் படுக்கைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு பையன் சாவியால் கீறிக்கொண்டிருந்தான். ஏன்டா என்றேன். "அவங்க மட்டும் எழுதியிருக்காங்க" என்று அங்கே இருந்த பழைய கல்வெட்டைக் காட்டினான். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் இப்படிக் கீறினால் 1958 புராதனச் சின்னங்கள் சட்டம், பிரிவு 30. 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய அபராதம் வெறும் ஐயாயிரம். அடுத்தது, நல்லது செய்வதாக நினைத்து நீங்களே துடைக்க இறங்காதீர்கள். சுண்ணாம்புச் சுதைக்கு மூச்சு உண்டு. ஈரத்தை வாங்கி வெளியே விடும். கீறலை சிமெண்டு வைத்து அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பக்கத்துக் காரையும் சேர்ந்து உதிரும். கம்பி பிரஷ் கூடாது. ஆசிட் கூடவே கூடாது, சுண்ணாம்பையே தின்றுவிடும். யாராவது கீறுவதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாமல் காவலரைக் கூப்பிடுங்கள்.

சொந்த வீட்டுச் சுவருக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே பெயிண்ட் பட்டால் தின்னர் ஊற்றித் தேய்க்காதீர்கள். கரைந்த பெயிண்ட் செங்கலின் நுண்துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், அப்புறம் எதற்கும் வராது. ஓர் ஓரத்தில் சின்ன இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் மொத்தச் சுவரிலும் கை வைக்க வேண்டும். பூசிய சுவர் என்றால் அதே நிறத்தில் ஒரு கோட் அடித்து மூடுவதே மலிவு. எழுதியதை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், ஒருவன் எழுத்தைப் பார்த்துத்தான் அடுத்தவனுக்குக் கை அரிக்கும். சுவரோரம் கொடி படரவிட்டால் எழுதவே இடம் இருக்காது. ஆனால் பழைய கட்டடமாக இருந்தால் கொடியும் ஆகாது, வேர் உள்ளே போய்விடும்.

வைகைக்கரை:

அனுபவம் கேட்டேன், பராமரிப்புக் கையேடு வந்திருக்கிறது. நன்றி ஐயா. குடம் விஷயத்தை அவளிடம் சொன்னேன். "மஹாலும் ஒரு காலத்துல ராஜா வீட்டுச் சொந்தச் சுவர்தானே, இப்ப யாருது?" என்கிறாள்.

தூரிகை ராஜு:

நான் சென்னைச் சுவர்களில் எழுதிப் பிழைத்தவன். கிறுக்கியவரை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டால், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

வேலை இப்படி நடக்கும். எலெக்‌ஷனுக்கு ரொம்ப முன்னாலேயே கட்சிக்காரர்கள் நல்ல சுவராகப் பார்த்து வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பேரைப் போட்டு 'ரிசர்வ்' என்று எழுதிவிடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்பவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. எங்களிடம் சொன்னால் ராத்திரி போவோம். நூலில் நீலம் தோய்த்து இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்தைக் கட்ட வேண்டும். தலைவர் பேருக்கு ஷேடு உண்டு, வட்டச் செயலாளர் பேருக்குக் கிடையாது. சண்டை வருவதெல்லாம் அங்கேதான்!

ஒரு தடவை தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டது. சுவர்களை எல்லாம் உடனே அழிக்க வேண்டும். ஒரு கான்ட்ராக்டர் ஆள் கேட்டு அனுப்பினார், வேலை இல்லாமல் இருந்ததால் போனேன். முதல் சுவரே என் சுவர். சூலாயுதம் மாதிரி வளைத்து நான் போடும் 'ழ' ஒன்று இருக்கும், பார்த்ததும் தெரியும். காய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூட வந்த பையன் "அண்ணே, செம எழுத்துண்ணே, யாரு எழுதினது?" என்றான். ஒன்றும் சொல்லாமல் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினேன். முதலில் அந்த ழவைத்தான் அடித்தேன். எழுதியதற்கு வாங்கிய கூலியைவிட அழித்ததற்குக் கூலி கூடக் கிடைத்தது.

பிளெக்ஸ் வந்தபிறகு எழுத்துக்காரர்கள் பாதிப் பேர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்கள். 2010 வாக்கில் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று கோயில், நாட்டியம், ஜல்லிக்கட்டு எல்லாம் எங்கள் ஆட்களை வைத்து வரைந்தார்கள். நல்ல காலம் அது, கொஞ்ச நாள். 1959லிருந்தே அழகுக்கேடு தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் வேலை சொன்னதும் இல்லை, நிறுத்தச் சொன்னதும் இல்லை. காரைப்பூச்சு ஐயா, நீங்கள் சொல்லும் தின்னர் விஷயம் மட்டும் சரி.

ஈசிஆர்_இல்ல_ஓஎம்ஆர்:

எங்கள் ஏரியா சென்னை கண்ணகி நகர். போட்டோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2020இல் ஸ்டார்ட் (St+art) இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பின் ஆட்கள் வந்து பிளாக் பிளாக்காக வரைந்தார்கள், பெரிய பெரிய முகம், பூ, கலர். வரைந்தவர்கள் நல்லவர்கள். கிரேன் மேலே இருந்து எங்கள் பாட்டியிடம் பேசிக்கொண்டே வரைவார்கள், பாட்டி டீ கொடுத்து அனுப்பும். முன்னாடி ஆட்டோக்காரரிடம் எங்கள் ஏரியா பேர் சொன்னால் வர மாட்டார். இப்போது "அந்தப் படம் போட்ட இடமா" என்று வருகிறார். அது நிஜமான லாபம், குறை சொல்ல மாட்டேன்.

மனதில் நிற்பது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு அக்கா எங்கள் அம்மாவிடம், "ஆன்ட்டி, அந்தக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்களேன், ஃபிரேம்ல வருது" என்றார். அம்மா தண்ணீர் லாரிக்கு இடம் போட்டு வைத்த குடம் அது. நகர்த்தினால் இடம் போய்விடும். அம்மா அவரையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது. போட்டோ எடுக்காமலே போய்விட்டார்கள்.

அப்புறம் என் தம்பி. அந்த ஓவியத்துக்குக் கீழே, ஒரு ஓரத்தில், அவர்கள் கபடி டீம் பேரைச் சாக்பீஸில் எழுதினான். மறுநாளே யாரோ துடைத்துவிட்டார்கள். "ஓவியத்தைக் கெடுக்காதீங்கடா" என்று பெரியவர்கள் திட்டு வேறு. சாக்பீஸ்தான், மழை வந்தால் போகப்போகிறது. இங்கேயே பிறந்தவன் எழுதினால் நாசம்.

காரைப்பூச்சு ஐயா, யார் குடம் என்று கேட்டீர்களே. இது யார் சுவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

காரைப்பூச்சு:

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) சுவர். சட்டப்படி அதுதான் பதில். சாக்பீஸுக்கு நான் எதிரி இல்லை, அது காரையை ஒன்றும் செய்யாது.

மதிலோரம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2019 நவம்பரில் ஆட்சி மாறின கையோடு நாடு முழுக்க இளம் பெடியள் வாளியும் தூரிகையுமாக இறங்கி மதில்களில் படம் கீறினவை, ஞாபகம் இருக்கும். தெற்கில் கன இடங்களில் ராசாக்களும் சிப்பாய்களும். எங்கட பக்கத்திலும் அந்த அலை வந்தது. டிசம்பரில் ஒருநாள் தெருப் பெடியள் நாலைந்து பேர் வந்து, "அங்கிள், உங்கட மதிலைத் தாறீங்களோ? வடிவா கீறித் தருவம்" என்று கேட்டார்கள்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பெடியளுக்கு விளங்காத விஷயம் ஒன்று அவர் மனதில். யுத்த காலத்தில் எங்கட மதிலில் இரவோடு இரவாக யாரோ எழுதிவிட்டுப் போக, விடிய ஆமிக்காரன் வந்து வீட்டுக்காரனைத்தான் கேட்பான், யார் எழுதினது என்று. அப்பா ஒருமுறை தன் சேர்ட்டைக் கழற்றி அதால் மதிலைத் துடைத்ததை நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். எழுதினவனில் கோபம் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு. "ஆளைக் கீறாதேங்கோ தம்பியவை. கொடி வேண்டாம், எழுத்தும் வேண்டாம்." பெடியள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு பனை கீறினார்கள். வடிவான பனைதான்.

சட்டம் கதைக்கிறவர்களுக்கு ஒன்று. சிகிரியாக் குன்றில் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய 'கண்ணாடிச் சுவரில்' ஆயிரத்துச் சொச்ச வருடத்துக்கு முன்னர் வந்தவர்கள் கீறிய பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான 685 என்று எண்ணி 1956இல் பதிப்பித்தார், உலகமே கொண்டாடுகிறது. அதே சுவரில் தன் பேரை எழுதிய ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு 2015இல் இரண்டு வருடச் சிறை. சுற்றுலா வந்த ஏழைப் பிள்ளை. பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். கீறினது பிழைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வருடமா?

தீவுவாசி:

அந்த சேர்ட் விஷயத்தைப் படித்தபிறகு நான் ரயில் கலரைப் பற்றிப் பேசியது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் ஏழு மாதம் கூடுதல் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

காம்பவுண்ட்_ஓனர்:

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என் வீட்டுச் சுவரில் போன வாரம் யாரோ வெள்ளை அடித்து 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழித்துவிடலாமா? ராஜு அண்ணன் சொல்லுங்கள்.

தூரிகை ராஜு:

வெறும் வெள்ளை அடித்து அழிக்காதீர்கள், அடுத்த கட்சிக்காரன் வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவான். ஏதாவது படம் போட்டுவிடுங்கள். பிள்ளையார் போட்டால் ஒன்றுக்கு இருப்பதும் நிற்கும். ஓரத்தில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா படம் மூன்றையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் பத்திரம். தாம்பரம் பக்கம் என்றால் சொல்லுங்கள், நானே வருகிறேன். பெயிண்ட் உங்கள் செலவு.