மெதுவாகிப்போன வீட்டுக் கணினி: காரணம் வேறெங்கோ இருந்த அனுபவங்கள்

நிழற்குடை

மனைவியின் மடிக்கணினியில் பிராசசரின் வேகம் 0.78 கிகாஹெர்ட்ஸைத் தாண்ட மறுத்த கதையை எழுதிவிட்டால்தான் எனக்கு மனம் ஆறும். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று, கணினியில் என்ன ஓடுகிறது என்பதைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கருவியில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே இந்த 0.78 அசையாமல் நிற்கும். உலாவியில் ஒரு தாவலைத் திறந்தாலே பிராசசர் பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டுவிடும். பழுதுபார்க்க வந்தவர் முதலில் வைரஸ் என்றார். பிறகு விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினார். அப்போதும் சரியாகாததால் பிராசசருக்கு வயதாகிவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேசையைத் துடைப்பதற்காகச் சார்ஜர் வயரைப் பிடுங்கியபோது டாஸ்க் மேனேஜர் திறந்தபடியே இருந்தது. என் கண்ணெதிரே 0.78 என்பது 2.9 ஆயிற்று. மறுபடி செருகினேன், 0.78. பிடுங்கினேன், 2.9. பேட்டரியில் வேகமாகவும் மின்சாரத்தில் மெதுவாகவும் ஓடும் கணினியை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சில மடிக்கணினிகளின் சார்ஜர் முனையில் நடுவே ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். இந்த அடாப்டர் எத்தனை வாட் தரும் என்ற தகவல் அதன் வழியாகத்தான் கணினிக்குப் போகிறது. அந்த இணைப்பு அறுந்துவிட்டால், செருகியிருப்பது என்ன அடாப்டர் என்று தெரியாததால் கணினி பாதுகாப்புக்காகப் பிராசசரின் வேகத்தை இறக்கிவிடுகிறது. பேட்டரியையும் சார்ஜ் செய்வதில்லை. கணினியை இயக்கியவுடன், அடாப்டரின் வகையை அறிய முடியவில்லை என்ற பொருளில் ஒரு செய்தியும் திரையில் வந்துகொண்டுதான் இருந்தது. பழுதுபார்க்க வந்தவர் அதைப் பார்த்தார். ஒரு விசையை அழுத்தித் தள்ளிவிட்டு வைரஸ் தேடப் போனார். என்னை இன்றும் உறுத்துவது அவர் அழுத்திய அந்த விசைதான்.

தட்டச்சுக்காரி

என் அப்பாவின் மேசைக் கணினியில் பிராசசர் 4 விழுக்காடு, ரேம் 40 விழுக்காடு, டிஸ்க் மட்டும் 100 விழுக்காடு. இதைப் பார்த்ததும் எல்லோரும் வழக்கமாகச் சொல்வதையே எங்களுக்கும் சொன்னார்கள்: அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் சேவையை நிறுத்துங்கள், தேடலுக்கான இன்டெக்ஸிங்கை நிறுத்துங்கள். இரண்டையும் நிறுத்தினோம், ஒரு மாற்றமும் இல்லை.

டிஸ்க் நூறு விழுக்காடு என்றால் அது ஏராளமான தகவலைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் சொல்வது அதுவல்ல. எவ்வளவு நேரம் டிஸ்க் ஓய்வின்றி இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. அதற்குக் கீழே படிக்கும் வேகமும், சராசரி மறுமொழி நேரமும் தனியாக இருக்கின்றன. எங்கள் கணினியில் படிக்கும் வேகம் நொடிக்கு அரை மெகாபைட்கூட இல்லை. மறுமொழி நேரமோ 4,000 மில்லிநொடியைத் தாண்டியிருந்தது. நலமாக உள்ள ஹார்டு டிஸ்க்கில் அது பத்து இருபது மில்லிநொடி அளவில்தான் இருக்கும்.

குடும்பப் புகைப்படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். சிறுபடங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒரு படத்தில் வந்து எல்லாம் நின்றுவிட்டன. சுட்டி நகர்ந்தது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லை. உள்ளேயிருந்து மெல்லிய ‘டக்’ என்ற ஓசை சீரான இடைவெளியில் கேட்டது. வெகுநேரம் கழித்து அந்தப் படத்தின் இடம் வெற்றுச் சாம்பல் கட்டமாகி, அடுத்த படங்கள் வந்தன. கோப்புறையை மூடித் திறந்தால், மறுபடியும் அதே படத்தில் நின்றது.

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் ஒரு மென்பொருளை நிறுவிப் பார்த்தபோது, சி5 என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள் என்ற சிறு பகுதிகளின் எண்ணிக்கையில், பூஜ்யத்துக்குப் பதிலாக மூன்று இலக்க எண் இருந்தது. படிக்க முடியாத இடத்தை டிஸ்க் தனக்குள்ளேயே திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. அதுவரை விண்டோஸ் காத்திருக்கிறது. அதனால்தான் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் வெளியிலிருந்து பார்க்கும்போது வெறும் மெதுவான கணினியாகத் தெரிகிறது. பெரும்பாலான படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டோம். அந்த ஒரு படம் எதுவாக இருந்தது என்று மட்டும் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எல்லாம்எஸ்எஸ்டி

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பொருத்தினால் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிநொடி ஆகிறது; படிக்கும் முனை இடம்விட்டு இடம் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் தகவல்களை அது நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எடுக்க முடியும். எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் முறை செய்கிறது. என் பழைய கணினியில் மாற்றினேன். முன்பெல்லாம் இயக்கிவிட்டுக் குளித்துவிட்டு வருவேன், இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை தயாராக இருக்கிறது. நிழற்குடையின் சார்ஜர் கதை சுவையானதுதான், ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வதைப் பொதுவாகச் சொல்லிப் பயன் என்ன?

கூட்டிப்பார்த்தவன்

எஸ்எஸ்டி நண்பருக்கு: என் தம்பியின் கணினியில் முதல் நாளிலிருந்தே எஸ்எஸ்டிதான் இருக்கிறது. அதுவும் மெதுவாயிற்று.

அவனிடம் 8 ஜிபி ரேம் இருந்தது, அதில் 7 ஜிபிக்கு மேல் நிரம்பியிருந்தது. எதுவும் திறந்திருக்கவில்லை. எந்த மென்பொருள் இவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று டாஸ்க் மேனேஜரின் பட்டியலை நினைவக அளவின்படி வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் இருந்ததே 200 மெகாபைட்தான். சந்தேகம் வந்து ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் கையால் கூட்டினேன். 2 ஜிபிகூட வரவில்லை. மீதி 5 ஜிபியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பட்டியலில் பதிலே இல்லை.

பதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தின் அடியில், யாரும் பார்க்காத மூலையில் இருந்தது: நான்-பேஜ்டு பூல். விண்டோஸின் கருப்பகுதியும் வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களும் பயன்படுத்தும் இந்த நினைவகம் எந்த மென்பொருளின் கணக்கிலும் வராது. வழக்கமாகச் சில நூறு மெகாபைட் அளவில் இருக்க வேண்டியது, அங்கே 4.6 ஜிபி என்று காட்டியது. வலையிணைப்பு டிரைவர் ஒன்று நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்திருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்ததும் கசிவு நின்றது.

ஆனால் என்னைக் குழப்பியது வேறொன்று. தம்பி தினமும் இரவில் கணினியை அணைத்துவிடுகிறவன். அணைத்தால் ரேம் காலியாகிவிட வேண்டுமே? அதே பக்கத்தில் கணினி தொடர்ந்து இயங்கிய நேரம் ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்திருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் மென்பொருள்களை மட்டும் மூடிவிட்டு, கருப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றிக்கொள்கிறது. கசிந்த நினைவகமும் அதோடு சேர்ந்து வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான், அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால்தான், முழுமையாகத் தொடங்கும். கணினியை அணைத்துப் போட்டுவிட்டேனே என்று தம்பி சொன்னபோதெல்லாம் அவன் உண்மையில் அணைக்கவே இல்லை.

பழைய_கணினிக்காரர்

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் உறவினர் ஒருவரின் கணினியில் ஒரு சிறிய கோப்பை நகலெடுத்தால்கூடப் பாட்டு திக்கித் திக்கி ஒலிக்கும், சுட்டி துள்ளித் துள்ளி நகரும். டிஸ்க்கைப் படிப்பதில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிழைகள் சேர்ந்தால், எக்ஸ்பி தானாகவே பரிமாற்ற முறையைப் படிப்படியாக இறக்கி, கடைசியில், தகவலையெல்லாம் பிராசசரே சுமந்து நகர்த்த வேண்டிய பிஐஓ என்ற பழைய முறையில் விட்டுவிடும். பிறகு பிழை நீங்கினாலும் தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் இணைந்திருந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன், பாட்டு சீராக ஒலித்தது.

இனி இளையவர்களுக்குச் சில சொற்கள். தட்டச்சுக்காரி அவர்கள் செய்தது சரி, ஏனென்றால் அந்த நிலையில் பெரும்பாலோர் நேராக டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ‘ஆர்’ என்ற சேர்ப்புடன் ஓட்டிவிடுவார்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். நலிந்த டிஸ்க்குக்கு அதைவிடக் கொடிய வேலை இல்லை. முதலில் நகல், அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை அருகில் அண்டவிடாதீர்கள். அத்தகைய கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் சில ஆயிரம் வரிகள் வீணாகக் கிடப்பதால் கணினி மெதுவாவதில்லை. தவறான ஒரு வரியை நீக்கினால் தொடங்காமல் போவது உண்டு. அதேபோல, விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பிராசசர்களின் எண்ணிக்கையை உயர்த்தி வைத்தால் வேகம் கூடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டாலே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்தும். அது சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைப்பதற்கு மட்டுமே வைக்கப்பட்டது. அதைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் உண்டு.

வெளியார் தயாரித்த ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் வைக்க வேண்டாம். ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் தனித்தனியாக அதைச் சோதிக்கும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், வேறொன்று முறையாக நிறுவப்பட்டால் தானே ஒதுங்கிக்கொள்ளும்; மற்றவை அப்படி ஒதுங்குவதில்லை. எஸ்எஸ்டியை மாதந்தோறும் டிஃபிராக் செய்வதும், அதாவது சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பதும், வேண்டாத வேலை; அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை விண்டோஸ் தானாகவே அனுப்பிவிடுகிறது. எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பி வைக்காமல் சிறிது இடம் விடுவதுதான் உண்மையில் உதவும்.

நிழற்குடை அவர்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதிய அடாப்டர் வாங்கும் முன் வேறொருவரின் அதே வகை அடாப்டரைச் செருகிப் பாருங்கள். கணினிக்குள் இருக்கும் பவர் சாக்கெட்டின் கம்பி அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அடாப்டருக்குச் செலவழித்த பணம் வீணாகிவிடும். வோல்ட் அளவு அதேயாக இருக்க வேண்டும், வாட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

நிழற்குடை

அக்கறைக்கு நன்றி ஐயா, அடாப்டரை மாற்றி வேகம் திரும்பி வெகுகாலமாகிவிட்டது. எஸ்எஸ்டி நண்பருக்கு ஒன்று: ஆயிரத்தில் ஒருவர் என்பதை எப்படி எண்ணினீர்கள்? டாஸ்க் மேனேஜரில் அந்த வேக எண்ணைப் பார்க்க அரை நிமிடம் போதும். எங்கள் மடிக்கணினியில் எஸ்எஸ்டி பொருத்தியிருந்தாலும் அது அதே 0.78இல்தான் தவழ்ந்திருக்கும்.

காற்றாடி

டாஸ்க் மேனேஜரை இத்தனை பேர் நம்புகிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். என் அக்கா மகனின் கணினியில் யாரும் எதுவும் செய்யாதபோதே விசிறி இரைச்சலிடும், விளையாட்டுகள் திக்கும். நான் போய் உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் பயன்பாடு ஒரு கணம் 90 விழுக்காட்டுக்கு மேலே காட்டிவிட்டு 5 விழுக்காட்டுக்கு இறங்கியது, விசிறியும் அடங்கிவிட்டது. பட்டியலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. மூடிவிட்டு எழுந்தேன், முதுகுக்குப் பின்னால் விசிறி மறுபடி எழும்பியது. திரும்பி வந்து திறந்தேன், அடங்கியது. நான் பார்க்கிறேனா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது என்பதை உணர்ந்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

பிறர் கணினியில் கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறக்கப்படுவதைக் கண்டுகொண்டு தம் வேலையை நிறுத்திவைக்கும்படி எழுதப்பட்டவை. பூட்டுடைக்கப்பட்ட விளையாட்டு ஒன்றுடன் இது உள்ளே வந்திருந்தது. வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் விண்டோஸின் சேவைபோலவே தோன்றும் பெயருடன், ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் தொடங்கும்படி ஒரு பணி பதிவாகியிருந்தது. டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டினேன். அது விண்டோஸ் முழுமையாக ஏறுவதற்கு முன்பே தனிச் சூழலில் தேடுவதால், ஒளிந்துகொள்ள அந்தக் கள்ள மென்பொருளுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. பிடிபட்டது, நீக்கினேன், விசிறி இப்போது அமைதியாக இருக்கிறது.

கூட்டிப்பார்த்தவன்

காற்றாடி அவர்களே, அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஒன்று உள்ளே வந்த வழியில் இன்னொன்றும் வந்திருக்கலாம்; உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துச் செல்லும் மென்பொருள்கள் பெரும்பாலும் இதே பொட்டலத்தில்தான் வருகின்றன. நிழற்குடையின் வீட்டில் விண்டோஸை அழித்து நிறுவியது வீண்வேலை. உங்கள் அக்கா மகனின் கணினிக்குத்தான் அது தேவை. கோப்புகளை மட்டும் நகலெடுத்து, டிஸ்க்கை முழுவதும் அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக எடுத்த பிரதியைக் கொண்டு நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றச் சொல்லுங்கள், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் முதலில்.

காற்றாடி

கடவுச்சொற்களை அன்றே என் மடிக்கணினியிலிருந்து மாற்றிவிட்டோம். விண்டோஸை அழிக்க அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. விளையாட்டில் சேமித்து வைத்த நிலைகள் போய்விடுமாம். அவை எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.