ஸ்கைப் மூடியாச்சு, இனியாவது எஸ்ஐபிக்கு மாறலாமா?

திறந்தவழி:
2003-ல் வந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் அத்தனை பேருடைய அழைப்பு வழியும் அதோடு போய்விடுகிறது. எஸ்ஐபி (SIP) என்பது இணையம் வழியே அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை, அதாவது ஆப்களும் சர்வர்களும் பேசிக்கொள்ளும் விதிமுறை. அதில் அந்தக் கவலை இல்லை, நெறிமுறை எல்லோருக்கும் பொது, மின்னஞ்சல் மாதிரியே ஒரு முகவரி, ஆப் பிடிக்கவில்லையென்றால் வேறொன்றில் அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஏன் இன்னும் தயங்குகிறீர்கள்?

மணியடிக்கலை:
அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன், அதனால்தான் தயக்கம். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்பை நிறுத்திவிடும், நான் கூப்பிட்டால் அங்கே மணியே அடிக்காது. அடித்த நாளிலும் நான் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்காது. மூன்று வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

திறந்தவழி:
ஒருபக்கம் மட்டும் கேட்பது ரவுட்டர் பிரச்சினை. எஸ்ஐபி அழைப்பை ஏற்படுத்தித்தான் தரும், குரல் ஆர்டிபி (RTP) என்ற வேறொரு நெறிமுறை வழியாகத் தனியாகப் போகிறது. போன் தன்னுடைய உள்வீட்டு ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்) சொல்லிவிட்டால் எதிர்முனை குரலை எங்கே அனுப்பும்? அதற்குத்தான் ஸ்டன், டர்ன் சர்வர்கள்: ஸ்டன் போனுக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லும், டர்ன் குரலை நடுவில் வாங்கி அனுப்பும். மணி அடிக்க, நின்றுபோன ஆப்பை எழுப்பும் புஷ் அறிவிப்பு வேண்டும், அதற்கும் 2019-லேயே தரம் வந்துவிட்டது (ஆர்எஃப்சி 8599 என்ற இணையத் தர ஆவணம்), லின்போன் மாதிரி எஸ்ஐபி ஆப்களில் புஷ் வசதி இருக்கிறது. அப்புறம், 4ஜியில் வோல்டிஇ அழைப்பு பேசுகிறீர்களே, அதற்கு அடியில் ஓடுவதும் எஸ்ஐபிதான்.

பழையசர்வர்:
நெறிமுறை திறந்திருந்தால் மட்டும் போதுமா? கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி (XMPP) என்ற திறந்த அரட்டை நெறிமுறையில்தான் 2005-ல் தொடங்கியது, 2006-ல் மற்ற சர்வர்களோடும் பேசியது. 2013-ல் அதற்குப் பதிலாக ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். எஸ்ஐபியிலும் பல வழங்குநர்கள் வெளி சர்வரிலிருந்து வரும் அழைப்பை ஸ்பேமுக்குப் பயந்து ஏற்பதே இல்லை.

திறந்தவழி:
கூகுள் போன பிறகும் மற்ற எக்ஸ்எம்பிபி சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டுதானே இருக்கின்றன! நான் சொல்வதே அதுதான்.

மணியடிக்கலை:
சரி, ஆனால் எழுபது வயதில் அம்மா ஸ்டன் சர்வர் முகவரி தேடிக்கொண்டிருக்க முடியாது. அவசரத்துக்குக் கூப்பிடும்போது மணி அடிக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

திறந்தவழி:
அவர் எதையும் தொட வேண்டாம், நீங்களே ஒருமுறை ஆப் அமைப்பில் யுடிபி (குறியாக்கம் இல்லாத வழி) விட்டு டிஎல்எஸ்ஸில் (குறியாக்கம் உள்ள வழி) பதிவு செய்து வையுங்கள். எஸ்ஐபி செய்திகள் குறியாக்கத்தில் போவதால் ரவுட்டரிலுள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி (உதவுவதாக நினைத்து எஸ்ஐபி செய்திகளை மாற்றும் வசதி) அவற்றைத் திருத்திக் கெடுக்க முடியாது. புஷ் உள்ள வழங்குநரா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். அதுவரை இப்போது பேசும் பழைய ஆப்பும் போனில் இருக்கட்டும்.