மீட்டிங் பதில்களை ரூல் போட்டு அழிச்சேன், இப்போ யார் வர்றாங்கன்னு கணக்கே தெரியல (அவுட்லுக்)

திருச்சிக்காரி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயிலுக்குப் பழைய அவுட்லுக்தான், புதுசுக்கு இன்னும் மாத்தல. வர்ற வெள்ளிக்கிழமை எங்க கம்பெனியில ஒருநாள் பயிற்சி. போன வாரம் 146 பேருக்கு என் ஐடியிலிருந்து மீட்டிங் அழைப்பு அனுப்பினேன். அனுப்பின பத்தாவது நிமிஷத்துலேர்ந்து இன்பாக்ஸ் முழுக்க "அக்செப்டட்", "அக்செப்டட்", "டிக்லைன்ட்". நடுவுல வேலை மெயில் எங்கே இருக்குன்னே தெரியல.

அதனால நேத்து காலையில ஒரு ரூல் (வர்ற மெயிலை இப்படிச் செய்னு அவுட்லுக்குக்குக் கொடுக்கிற தானியங்கி விதி) போட்டேன். தலைப்புல அக்செப்டட், டிக்லைன்ட், டென்டேட்டிவ் (வரலாம், உறுதியில்லை) இந்த மூணுல ஏதாவது ஒரு வார்த்தை இருந்தா டெலிட். இன்பாக்ஸ் சுத்தமாயிடுச்சு. நிம்மதியா இருந்தேன்.

இன்னிக்கு சாயங்காலம் காலண்டரைத் திறந்து டிராக்கிங் (யார் என்ன பதில் சொன்னாங்கன்னு காட்டுற பட்டியல்) பார்த்தா 31 பேர் வர்றாங்க, 4 பேர் வரல. நேத்தைக்கு இருந்த அதே எண்ணிக்கை. ரெண்டு நாளா எத்தனையோ பேர் பதில் போட்டிருக்காங்க, என்கிட்ட நேர்லயே சொன்னவங்க பேருக்கு எதிர்ல கூட "நன்"னுதான், அதாவது பதில் இல்லைன்னுதான் காட்டுது.

மதியச் சாப்பாடு வெளியில சொல்லியிருக்கோம். வியாழக்கிழமை 12 மணிக்குள்ள எத்தனை இலைன்னு சொல்லணும். 146 பேரையும் மறுபடி பதில் போடச் சொன்னா என்னைத் திட்டுவாங்க. வேற வழி இருக்கா?

---

சும்மாஒருவன் | செவ்வாய், இரவு 9.58

இதுக்கு ரூலே தேவையில்லைங்க. அழைப்பு தயார் பண்ணும்போது மேலே "ரெஸ்பான்ஸ் ஆப்ஷன்ஸ்"னு ஒண்ணு இருக்கும். அதுல "ரிக்வெஸ்ட் ரெஸ்பான்ஸஸ்" டிக்கை எடுத்துட்டா பதிலே வராது. நான் எப்பவும் அப்படித்தான் அனுப்புவேன்.

---

மெயில்சர்வர்காரன் | செவ்வாய், இரவு 10.20

மேலே நண்பர் சொன்னதைத் தயவுசெய்து இந்த மீட்டிங்குக்குச் செய்யாதீர்கள். அந்த டிக்கை எடுத்தால் பதில் மெயில் வராது, கணக்கும் வராது. கம்பெனி முழுக்க உட்கார்ந்து பார்க்கும் ஆன்லைன் கூட்டத்துக்கு அது சரி, யார் வருகிறார்கள் என்று யாருக்கும் கவலை இல்லை. உங்களுக்கு இலைக் கணக்கு வேண்டும்.

சகோதரி, நடந்தது இதுதான். மீட்டிங் பதில் என்பது பார்க்க மெயில் மாதிரி இருந்தாலும் அதற்குள் காலண்டர் தகவல் ஒன்று இருக்கிறது. எந்தக் கூட்டம் என்பதற்கு ஓர் அடையாள எண், "மெத்தட்: ரிப்ளை" என்று ஒரு வரி, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் அக்செப்டட் அல்லது டிக்லைன்ட் அல்லது டென்டேட்டிவ். அவுட்லுக் அதைப் படித்து உங்கள் காலண்டரில் இருக்கும் கூட்டத்தோடு பொருத்தினால்தான் டிராக்கிங்கில் ஒன்று ஏறும். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. உங்கள் ரூல் அந்த வேலை நடக்கும் முன்பே மெயிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. போஸ்ட்மேன் கொண்டுவந்த மொய்க்கவரைப் பிரிக்காமலே எறிந்த கதை.

முதல் கேள்வி: ரூலில் நீங்கள் தேர்ந்தெடுத்தது "டெலிட் இட்" தானா, இல்லை "பர்மனென்ட்லி டெலிட் இட்" ஆ? இரண்டும் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும்.

---

திருச்சிக்காரி | செவ்வாய், இரவு 10.31

ரிமோட்ல போய்ப் பார்த்துட்டேன் அண்ணா. வெறும் "டெலிட் இட்" தான். டெலிட்டட் ஐட்டம்ஸ்ல எல்லாம் கிடக்கு. 58 இருக்கு.

---

மெயில்சர்வர்காரன் | செவ்வாய், இரவு 10.45

பிழைத்தீர்கள். பர்மனென்ட்லி என்றிருந்தாலும் "ரிகவர் டெலிட்டட் ஐட்டம்ஸ்" வழியாக எடுத்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 365இல் யாரும் மாற்றியிருக்காவிட்டால் 14 நாள் வரை அங்கே இருக்கும். ஆனால் அது இன்னும் ஒரு சுற்று அலைச்சல்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் அந்த ரூலை அணைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், டிக்கை எடுத்தால் போதும். பிறகு அந்த 58ஐயும் இன்பாக்ஸுக்கு இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். பட்டியலில் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது, டபுள் கிளிக் செய்து திறக்க வேண்டும். திறக்கும்போது அவுட்லுக் அதைக் கூட்டத்தில் கணக்கெழுதிக்கொள்ளும். ஒன்றுக்கு ஐந்து விநாடி என்றாலும் அஞ்சு நிமிஷ வேலை.

நிரந்தர வழி: ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், அதில் கீழே இறங்கினால் "டிராக்கிங்" என்று ஒரு பகுதி. அங்கே மீட்டிங் அழைப்புகளையும் பதில்களையும் தானாகவே கவனிக்கச் சொல்லும் டிக் இருக்கிறதா பாருங்கள், இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு டிக்: டிராக்கிங்கில் ஏற்றிக்கொண்ட பிறகு, குறிப்பு எதுவும் எழுதாத பதில்களை அழித்துவிடு என்று ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். நீங்கள் ரூல் போட்டுச் செய்ய நினைத்தது அதுதான், ஆனால் சரியான வரிசையில் செய்கிறது. முதலில் கணக்கு, பிறகு குப்பை.

அதில் எனக்குப் பிடித்த விஷயம், யாராவது "வர்றேன், ஆனா மதியத்துக்கு மேலதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பதில் இன்பாக்ஸிலேயே நிற்கும். நாம் பார்க்க வேண்டியதும் அந்த மாதிரி பதிலைத்தான்.

---

ஜிமெயில்வாசி | செவ்வாய், இரவு 11.15

இடையில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க ஆபீஸ்ல கூகுள்தான். இதே தொல்லை. அங்கே என்ன செய்யறது?

---

மெயில்சர்வர்காரன் | செவ்வாய், இரவு 11.22

கூகுளில் இது சுலபம். கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து செட்டிங்ஸ் போங்கள், இடது பக்கம் உங்கள் காலண்டர் பெயரை அழுத்துங்கள். "அதர் நோட்டிஃபிகேஷன்ஸ்" என்ற இடத்தில் "ஈவென்ட் ரெஸ்பான்ஸஸ்" இருக்கும். அதை "நன்" என்று மாற்றினால் பதில் மெயில் நின்றுவிடும். எண்ணிக்கை நிகழ்வுக்குள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். ஆட்கள் எழுதும் குறிப்பையும் நிகழ்வைத் திறந்து அவர்கள் பெயருக்குக் கீழே பார்க்கலாம், ஆனால் நீங்களாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்கள் பதிலைத் திறந்து மேலே வரும் பட்டையில் அப்டேட் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு "கணக்கு வரலை" என்று வருபவர்கள் உண்டு.

---

திருச்சிக்காரி | புதன், காலை 9.25

சீக்கிரமே வந்து உட்கார்ந்து 58ஐயும் திறந்தேன். அதுல 57தான் பயிற்சிக்கான பதில். 58வது என்ன தெரியுமா? ஒரு கஸ்டமர் "கொட்டேஷன் அக்செப்டட்"னு தலைப்பு போட்டு அனுப்பின மெயில்! திங்கட்கிழமை மதியம் வந்தது. சேல்ஸ்ல இருக்கிற அண்ணன் ரெண்டு நாளா "அவங்க இன்னும் பதில் போடலியா"ன்னு என்னைக் கேட்டுட்டே இருந்தாரு. நானும் "இல்லண்ணா"ன்னு அடிச்சுச் சொல்லிட்டிருந்தேன்.

டிராக்கிங் இப்போ சரியாயிடுச்சு. 74 வர்றாங்க, 11 வரல, 7 டென்டேட்டிவ். ஆக 92 பதில். மீதி 54 பேர் யாருன்னுதான் தெரியல. பட்டியல்ல அவங்க பேரே இல்லை, "நன்"ங்கிற இடத்துல ரெண்டு குழு முகவரிதான் நிக்குது.

---

மெயில்சர்வர்காரன் | புதன், காலை 10.05

அந்தக் கஸ்டமர் மெயில்தான் தலைப்பை வைத்து ரூல் போடக் கூடாது என்பதற்குச் சாட்சி.

குழு முகவரிக்கு அனுப்பினால் அப்படித்தான். பதில் போட்டவர் மட்டும் தனிப் பெயராகப் பட்டியலில் வந்து சேர்வார், போடாதவர் குழுவுக்குள்ளேயே மறைந்திருப்பார். அடுத்த முறை அனுப்பும் முன் குழுப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி எல்லாப் பெயரையும் விரித்துவிடுங்கள். இப்போது அனுப்பிய அழைப்பில் அதைச் செய்யாதீர்கள், எல்லோருக்கும் மறுபடி அப்டேட் போகும்.

இப்போதைக்கு, கூட்டத்தைத் திறந்து டிராக்கிங் பட்டனின் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் "காப்பி ஸ்டேட்டஸ் டு கிளிப்போர்டு" வரும். அதை எக்ஸெல்லில் ஒட்டி, உங்களிடம் இருக்கும் 146 பேர் பட்டியலோடு ஒப்பிட்டால் 54 பெயரும் கிடைக்கும். அவர்களுக்கு மட்டும் சாதாரண மெயில் போடுங்கள். நினைவூட்டலுக்காக மீட்டிங்கையே திருத்தி அனுப்ப வேண்டாம். கைதவறி நேரம் மாறிவிட்டால் வந்த 92 பதிலும் செல்லாமல் போய் மறுபடி முதலிலிருந்து.

அந்த 54இல் சிலர் ஏற்கெனவே பதில் சொன்னவர்களாகவும் இருக்கலாம். அக்செப்ட் அழுத்தும்போது "டோன்ட் சென்ட் எ ரெஸ்பான்ஸ்" என்று ஒரு வழி இருக்கிறது. அவர்கள் காலண்டரில் கூட்டம் உட்கார்ந்துவிடும், உங்களுக்குத் தகவலே வராது. இன்னும் சிலர் பட்டனையே தொடாமல் "வர்றேன் மேடம்" என்று சாதா மெயிலில் எழுதியிருப்பார்கள். அதற்குள் காலண்டர் தகவல் கிடையாது, அவுட்லுக் எண்ணாது. அப்படிப்பட்டவர் பெயர் டிராக்கிங் பட்டியலில் தனியாக இருந்தால், பதில் இருக்கும் கட்டத்தை அழுத்தி நீங்களே அக்செப்டட் என்று மாற்றலாம். குழுவுக்குள் மறைந்திருப்பவரை உங்கள் எக்ஸெல் பட்டியலில்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

---

பிஏ_வேலை | புதன், காலை 11.40

எனக்கும் ஒரு சந்தேகம் சார். நான் எங்க டைரக்டருடைய காலண்டரைப் பார்த்துக்கறேன். அவர் கூட்டத்துக்கான பதில் எல்லாம் எனக்கும் வருது, அவருக்கும் வருது. அவர் தினமும் என்னைக் கூப்பிட்டு "இதெல்லாம் என்னம்மா"ன்னு கேட்கறார்.

---

மெயில்சர்வர்காரன் | புதன், மதியம் 12.10

அது உங்கள் பக்கம் மாற்றுவது இல்லை, அவருடைய அவுட்லுக்கில் மாற்ற வேண்டும். ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டெலிகேட் ஆக்சஸ். கீழே மூன்று வழி இருக்கும்: பிரதிநிதிக்கு மட்டும், பிரதிநிதிக்கு அனுப்பி அவருக்கு ஒரு நகல், இருவருக்கும். "பிரதிநிதிக்கு மட்டும்" (பிரதிநிதி என்றால் நீங்கள்) என்பதை வைத்தால் அவருக்கு வருவது நிற்கும். அவரையே கேட்டுவிட்டு மாற்றுங்கள். "எனக்கு ஏன் ஒண்ணுமே வரலை" என்று அடுத்த வாரம் கூப்பிடும் டைரக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

சும்மாஒருவன் | புதன், மதியம் 1.30

நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். அழைப்புல மதியச் சாப்பாடு உண்டுன்னு போட்டிருந்தீங்கன்னா அந்த 7 டென்டேட்டிவும் வரவுதான், சந்தேகமே வேண்டாம்.

---

திருச்சிக்காரி | வியாழன், காலை 11.50

54 பேருக்குத் தனியா மெயில் போட்டதுல 29 பேர் பதில் சொன்னாங்க. 22 வர்றாங்க, 7 வரல. முன்னாடி வர்றேன்னு சொன்ன ரெண்டு பேர் நேத்து ராத்திரி டிக்லைன் பண்ணியிருக்காங்க, டிராக்கிங்ல தானாவே மாறியிருக்கு. ஆக 94 வரவு, 7 டென்டேட்டிவ். கேட்டரிங்காரர்கிட்ட 105 இலைன்னு சொல்லிட்டேன். "105ஆ, 110ஆ வெச்சுக்கலாமே"ங்கறார். பதில் போடாத 25 பேர்ல நாலு பேருக்கு மேல வரமாட்டாங்கன்னு என் கணக்கு.

அந்த டிராக்கிங் டிக் வேலை செய்யுது. காலையில இன்பாக்ஸ்ல நின்னது ஒரே ஒரு பதில்தான்: "அக்செப்டட். வெங்காயம், பூண்டு இல்லாம ஒரு இலை கிடைக்குமா?"