செபாங்கில் ஓடும் 987 கேமன் எஸ்: பிரேக் பிடித்தால் மூக்கு அலைகிறது, முன்பக்கம் டொக் சத்தம்

பிட்லேன்_கே
வண்டி 2007 போர்ஷே கேமன் எஸ் (987 என்பது மாடல் எண்). முன்பக்கக் கைகள் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள்) எல்லாம் கம்பெனியில் வந்தவை, ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றியது. மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்தில் மாதம் ஒரு நாள் ஓடுகிறது. இப்போது மூன்று தொல்லைகள்.

ஒன்று, 1-ஆம் வளைவுக்கும் 15-ஆம் வளைவுக்கும் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்து, பிறகு மறுபக்கம் போகிறது. இரண்டு, வேகத்தடையில் மெதுவாக ஏறினால் இடது முன்பக்கம் ஒரே ஒரு 'டொக்'. மூன்று, கெர்ப் (தடத்தின் ஓர மேடு) மேல் ஏறி இறங்கியபின் முதல் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் சரியாகிவிடுகிறது. அலைன்மென்ட் செய்து இரண்டு டிராக் நாள்தான் ஆகிறது, அதற்குள் இடது முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. திரும்பவும் அலைன்மென்ட் செய்தால் போதுமா, இல்லை கண்ட்ரோல் ஆர்ம் மொத்தமாக மாற்ற வேண்டுமா?

ஸ்பேனர்17
அலைன்மென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆட்டம் இருக்கும் வண்டியில் எந்த அளவை வைத்தாலும் நிற்காது.

டயர் சொல்வதைக் கவனியுங்கள். செபாங் கடிகாரச் சுற்று, 15 வளைவில் 10 வலது. சுமை முழுக்க இடது முன் டயரில்தான் விழும். கம்பெனி கைகளோடு காம்பர் (சக்கரம் உள்பக்கம் சாயும் கோணம்) அதிகம் கிடைக்காது, அதனால் முதலில் தேய வேண்டியது வெளித்தோள். உள்விளிம்பு தேய்கிறது என்றால் ஓட்டத்தில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நோக்கும் திசை) வெளியே திறக்கிறது. டயர் சூடு ஆறியபின் விரல் நுனியை உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போல இடறினால் டோதான்.

இந்த வண்டியில் முதல் சந்தேகம் சவப்பெட்டி வடிவக் கீழ்க் கண்ட்ரோல் ஆர்ம்தான். அதோடு குறுக்காக ஒரு கை வந்து சேரும், சேரும் இடத்தில் ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்). பிரேக்கின் இழுவையை அந்தக் குறுக்குக் கைதான் தாங்குகிறது. ரப்பர் கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) டோவும் சேர்ந்து மாறும். உங்கள் மூக்கு அலைவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பார்க்கும் வழி: வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். புஷ்ஷைத் துடைத்துச் சுத்தமாக்கி, இரண்டு கைகளுக்கும் நடுவே கடப்பாறை கொடுத்து மெல்ல நெம்புங்கள். ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் டார்ச் அடித்தால் கிழிசல் வாய் பிளக்கும். நெம்பாமல் வெறும் கண்ணால் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டி, மேலும் கீழும் (12, 6 மணி இடம்) பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் (கையின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். 3, 9 மணி இடத்தில் மட்டும் ஆடினால் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு). ராக் பூட்டின் (ஸ்டியரிங் ராக்கை மூடும் ரப்பர் உறை) மேல் கை வைத்துப் பார்த்தால் உள் ஜாயின்டா, வெளி முனையா என்று தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸ்_தம்பி
மூன்றாவது தொல்லைக்கு நான் சொல்கிறேன். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் தள்ளாடிப் பேடைக் காலிபருக்குள் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) தள்ளிவிடும். அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே பெடல் பாதி போய்விடும். 987-இல் காலிபர் அசையாத வகை என்பதால் கெர்ப் ஏறினால் சிறிதளவு இது வரத்தான் செய்யும். ஆனால் புதிதாகக் கூடியிருந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். சரியாகும் வரை பிரேக் இடத்துக்கு முன்னால் இடது காலால் பெடலை லேசாகத் தட்டிவிட்டு மிதியுங்கள். 1-ஆம் வளைவில் பெடல் ஆழமாகப் போவது விளையாட்டல்ல.

பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங் முதல் நாளே ஊளையிடும்.

டை ராடு பூட்டையும் பாருங்கள். டிஸ்க் பக்கத்திலேயே இருப்பதால் சூட்டில் காய்ந்து மடிப்புக்குள் வெடிக்கும். கட்டை விரலால் மடிப்பை விரித்தால்தான் தெரியும். கிரீஸ் கசிந்தால் மாற்றிவிடுங்கள். மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போனபின் அது அதிக நாள் தாங்காது.

பிட்லேன்_கே
நன்றி அண்ணே. நெம்பிப் பார்த்தேன், இடது புஷ் பாதிச் சுற்றளவுக்குக் கிழிந்திருக்கிறது. டயல் கேஜ் இன்னும் வைக்கவில்லை. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா? அல்லது ஷிம் (அளவைக் கூட்டும் மெல்லிய தகடு) வைக்கும் ஜிடி3 (போர்ஷேயின் இன்னொரு மாடல்) கையா?

ஸ்பேனர்17
இந்த இடத்தில் பாலியூரித்தேன் வேண்டாம். இங்கே புஷ் ஒரு திசையில் மட்டும் திரும்புவதில்லை, சாயவும் வேண்டும். கெட்டிப் பொருள் சாயாமல் பிடித்துக்கொள்ளும், அந்த விசை கைக்குப் போகும். ஜிடி3 கை நல்லது, காம்பரும் கிடைக்கும். ஆனால் ஷிம் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் டோ மாறும், திரும்ப அளக்க வேண்டும். உலோக ஜாயின்ட் போட்டால் ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் நெம்பிப் பார்ப்பது கட்டாயம்.

எந்தக் கை போட்டாலும் ரப்பர் புஷ் இருந்தால் இதை மறக்காதீர்கள். கழற்றுவதற்கு முன், வண்டி தரையில் நிற்கும்போது ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கையை மாட்டி, போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, ஜாக்கியால் வீல் கேரியரை (ஹப்பைத் தாங்கும் பகுதி) அதே அளவுக்குத் தூக்கியபின்தான் டார்க் ரெஞ்ச். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரம் கிழியும். உங்களுடையது அப்படித்தான் போனதா என்று சொல்ல முடியாது, ஆனால் சின்ன வயதில் கிழியும் புஷ்களில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். லாக் நட் எல்லாம் புதிது. இறுக்கிய நட்டின் மேல் பெயின்ட் கோடு போடுங்கள், முதல் ஓட்டம் முடிந்ததும் கோடு விலகியதா என்று பாருங்கள். சக்கர போல்ட் 130 நியூட்டன் மீட்டர்.

பிட்லேன்_கே
வலது பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

கியர்பாக்ஸ்_தம்பி
கைகளை ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தளர்ந்த ரப்பர் என்றால் பிரேக்கில் திரும்பவும் இழுக்கும். பேரிங் அப்படியல்ல, ஆட்டம் உள்ள பக்கம் மட்டும் போதும். எல்லாம் முடிந்தபின் அலைன்மென்ட்.